ஆறு பேர் இருந்த அறை

அலுவலகத்துக்கு வரும் மனு எதுவானாலும் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவான பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது தர வேண்டும். இதுதான் விதி. முப்பத்து நாலு வருட அரசு உத்தியோகத்தில், கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த விதியை எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன். எத்தனை மனுக்களுக்கு அப்படிப் பதில் போனது என்று கேட்காதீர்கள். விதி தெரியுமா என்று கேட்டால், தெரியும்.

நான் சொல்ல வருவது மனுவைப் பற்றி அல்ல. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் கட்டுரைகள் எழுதிய ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரே வரி. அதற்கு நான் மூன்று நாட்களுக்குள் பதில் போடவில்லை. நாலாவது நாள் போட்டேன். அதற்குப் பின் மாதக்கணக்கில் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இடையில் ஒரு வெடி விபத்து நடந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறைகளையும் பின்பற்றிப் பார்த்தேன். எதுவும் இந்த ஒரு விஷயத்துக்காக எழுதப்பட்டிருக்கவில்லை.

காபியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் காலை பதினோரு மணி ஆனால் என் கால்கள் தாமாக எழுந்துகொள்ளும். பதினோரு மணிக் காபி என்பது எங்கள் அலுவலகத்தில் எந்த ஆணையும் இல்லாமல் ஒரு நாள்கூடத் தவறாமல் அமலான ஒரே திட்டம். அந்தப் பழக்கத்தில் விருதுநகர் மெயின் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் காபிக் கடைக்குப் போவேன். சுற்றிலும் வத்தல் மண்டிகளும் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகளும். காபி வாசனையோடு மிளகாய் நெடியும் சேர்ந்து வரும். வெளியூர்க்காரர்கள் முதல் வாய் குடிப்பதற்குள் நாலு தடவை தும்முவார்கள்.

அங்கே என்னோடு இரண்டு பேர். ஒருவர் பாய். அந்தச் சந்திலேயே மூன்றாவது கடை அவருடையது, காபிக்கொட்டை வியாபாரம். ஆனால் டீதான் குடிப்பார். கேட்டால், "கொட்டைய விக்கிறவனுக்குத்தான சார் அது என்னன்னு தெரியும்" என்பார். இன்னொருவர் அண்ணாச்சி. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தை மகனிடம் விட்டுவிட்டு, மகன் அதை எப்படிக் கெடுக்கிறான் என்று சொல்வதற்காகத் தினமும் வருகிறவர். லேபிளில் இருக்கும் எழுத்தைவிடச் சின்ன எழுத்தை அவர் படிக்க மாட்டார். பாய்க்குக் கண்புரை. ஆகவே நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பேன். அவர்கள் கேட்பார்கள்.

படித்தது எல்லாம் இணையக் கட்டுரைகள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு தமிழ்த் தளம் இருக்கிறது. எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் படிப்பதால்தான் அது ஓடுகிறது. வேறு யாரும் படிப்பதில்லை. நானும் அதில் எழுதினேன். பட்டா மாறுதல் விண்ணப்பம் எந்தெந்த விதங்களில் திருப்பி அனுப்பப்படும், வாரிசுச் சான்றிதழுக்கு எந்தத் தாளை முதலில் வாங்க வேண்டும், இப்படி. என் கட்டுரைகளைப் படித்தவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றி விடலாம், நிற்கவும் இடம் இருக்கும்.

ஆனால் மற்றவர்கள் எழுதியது அப்படி இல்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஒருவர், நாலு பேர் தங்கும் அறையில் ஒரே ஒரு ஜன்னலை நாளுக்கு ஒருத்தியாகப் பங்கு போட்டுக்கொள்வதை எழுதினார். நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டும் ஒருவர், வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளைத் தண்ணீரின் ருசியை வைத்து வரிசைப்படுத்தினார். ஒரு வங்கிக் காசாளர், தப்பான வரிசையில் நின்றவர்களைப் பற்றி மட்டுமே எழுதினார். அவருக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது, தேவையும் இல்லை. நல்ல கட்டுரை சிக்கிய நாளில் என் காபி ஆடை கட்டி ஆறிப்போகும். பாய் கடையில் ஆள் காத்துக்கிடக்கும். கடைசி வரியைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்.

படித்ததில் பிடித்ததைப் பரிந்துரை செய்வேன். எங்கள் காபி நேரத்தின் பேரில் செல்போனில் ஒரு குழு இருந்தது. ஓய்வு பெற்ற ஊழியர்கள், மண்டிக்காரர்கள், அவர்களுடைய சம்பந்திகள் என்று இருநூறு பேர் இருப்பார்கள். லிங்கை அதில் போடுவேன். வெறுமனே போட மாட்டேன். குறிப்பு இல்லாமல் ஒரு தாள்கூட மேலே போகக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும், அதில் என்ன இருக்கிறது, என் கருத்து என்ன, என்ன செய்யலாம். இவ்வளவும் மூன்று வரியில். "பத்தி இரண்டு காண்க. ஜன்னல் பகிர்வு முறை நியாயமானது. மழை நாளில் யாருடைய முறை என்பது தெளிவாக இல்லை. பரிந்துரைக்கப்படுகிறது." இப்படி. குழுவில் சிரித்தார்கள். கட்டுரையைவிட உங்கள் குறிப்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். நான் கெட்டுப்போனது அந்த இடத்தில்தான்.

அந்தப் பெண் ஒரு பூவின் பெயரில் எழுதினார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பட்டாசு ஆலையில் திரி சொருகும் வேலை. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆகவே காலை டீ நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனதுக்குள் எழுதி, சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறியதும் போனில் அடிப்பாராம். வேன் குலுங்குவதால் பிழை வரும், மன்னிக்கவும் என்று ஒரு கட்டுரையின் கீழே எழுதியிருந்தார். பிழை வந்ததாக எனக்கு நினைவில்லை.

சின்னச் சின்னக் கட்டுரைகள். அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி போலாகும் கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்க முடியாத அந்தக் கால் மணி நேரம். தீபாவளியன்று வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் மாமியார். ஆனைக்குட்டம் அணையின் மதகு தெரிந்ததும் வேனில் தூங்குகிற எல்லாரும் யாரும் எழுப்பாமல் விழித்துக்கொள்வது. எதிலும் அழுகை இல்லை. அவர் எழுதியதைப் படிக்கும்போது என் குரல் தானாகத் தணியும் என்று பாய் சொன்னார்.

என் கட்டுரைகளையும் அவர் படித்தார். மினி பஸ்ஸில் ஓர் இருக்கை அவருடையது. பட்டா கட்டுரையின் கீழே ஒருநாள், "ஐயா, நீங்க சொன்ன வரிசைல தாள் கொடுத்தோம். எங்க அம்மா பேருக்கு பட்டா வந்துடுச்சு. ஆபீஸ்ல ஆச்சரியப்பட்டாங்க" என்று எழுதியிருந்தார். வேலையில் இருந்த காலம் முழுவதும் மற்றவர்களுக்கு எத்தனையோ பிரிவு உபசாரப் பத்திரங்களை எழுதிக் கொடுத்தேனே தவிர, இப்படி ஒரு வரி யாரும் எனக்கு எழுதியதில்லை. அதைக் காபிக் கடையில் மூன்று முறை படித்துக் காட்டினேன். நாலாவது முறைக்கு அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாளில் அந்தப் பெண்ணின் புதுக் கட்டுரை வந்தது. அறையில் வேலை பார்த்தபடியே பெண்கள் டிவி தொடர்க் கதை பேசுவதைப் பற்றி. யாரும் ஒரு தொடரை முழுதாகப் பார்த்ததில்லை. ஒருத்தி வீட்டில் மின்சாரம் போயிருக்கும், ஒருத்தி வீட்டில் புருஷன் கிரிக்கெட் பார்த்திருப்பான். ஆளுக்குக் கொஞ்சம் பார்த்ததை வைத்துக் கதையை ஒட்டுகிறார்கள். அறையில் ஆறு பேர், ஆறு கதை. ஒருத்தி கதையில் செத்துப்போன மாமியார் அடுத்தவள் கதையில் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறாள். கடைசியில் போர்மேன் எட்டிப் பார்க்கிறான். சத்தம் போடுவான் என்று பயந்தால், "இல்லத்தா, அவ சாகல, நேத்து ராத்திரி கண்ண முழிச்சுட்டா" என்று திருத்திவிட்டுப் போகிறான்.

பாய் சிரித்ததில் டீ வேட்டியில் கொட்டிவிட்டது. அண்ணாச்சி மறுபடியும் படிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

"பத்தி நான்கு காண்க. ஓர் அறையில் ஆறு பேர். விதிப்படி நான்கு பேருக்கு மேல் கூடாது. எழுத்து அருமை, நடைமுறை மீறல். பரிந்துரைக்கப்படுகிறது. நகல்: தொடர்புடைய அனைவருக்கும்."

அனுப்பும் முன் அவர்களிடம் படித்துக் காட்டினேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன். அண்ணாச்சி டபராவைக் கீழே வைத்தார்.

"கதை நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னு போடுங்க சார். ஆளெண்ணிக் காட்டச் சொல்லி உங்கள யாரு கேட்டா?"

"அவரே எழுதியிருக்காரே அண்ணாச்சி. நான் எதையும் சேர்க்கலையே."

"அந்தப் புள்ள மனுவா போட்டுச்சு?" என்றார் பாய். "பொம்பளைக பேசிக்கிட்டிருந்தத எழுதியிருக்கு. அம்புட்டுத்தான்."

விதி இருப்பதே உயிரைக் காப்பாற்றத்தான் என்று நான் சொன்னேன். அது உண்மை. இன்றைக்கும் உண்மை. ஆனால் அந்த நிமிடம் உயிரைப் பற்றிய நினைப்பு எனக்கு இல்லை. பத்தி நான்கில் ஆறு என்ற எண்ணைக் கண்டுபிடித்த சாமர்த்தியம்தான் இருந்தது. முப்பத்து நாலு வருடம் அடுத்தவன் எழுதியதில் ஓட்டை தேடிய கண் எனக்கு. அனுப்பினேன்.

குழுவிலிருந்து அது எப்படி எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு விசாரணை அதிகாரி தேவைப்படவில்லை. யாரோ கட்டுரையை விட்டுவிட்டு நாலாவது பத்தியையும் என் குறிப்பையும் மட்டும் படம் பிடித்து வேறு குழுக்களில் போட்டார்கள். நகல் என்று நான் வேடிக்கைக்கு எழுதியதை ஒருவர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, தொடர்புடைய அலுவலகத்துக்கு அனுப்பியும் வைத்தார். எந்த ஆலை என்று கட்டுரையில் இல்லை. ஆனால் வேப்பமரம், மதகு தெரியும் பாதை, தொடர் பார்க்கும் போர்மேன் எல்லாம் அவருடைய கட்டுரைகளில் இருந்தன. ஊர்க்காரர்களுக்கு அது போதும். பத்து நாளில் ஆய்வு வந்தது. ஆலைக்கு சீல் வைத்தார்கள்.

செய்தியை அண்ணாச்சிதான் கொண்டுவந்தார். அந்த ஆலைக்கும் அவர்தான் லேபிள் அடித்தவர். என்னைத் திட்டவில்லை. மகன் அச்சகத்தை எப்படிக் கெடுக்கிறான் என்று அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்று மாலை தளத்தின் தனிச் செய்தியில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது. "ஐயா, அந்தக் குறிப்பு நீங்க எழுதினதா?"

இதற்குப் பதில் ஒரு சொல். நான் வரைவு எழுதினேன். முதல் வரைவில் விதியை விளக்கினேன், அது ஏன் வந்தது, எத்தனை விபத்துகளுக்குப் பின் வந்தது என்று. படித்துப் பார்த்தால் தகவல் அலுவலர் எழுதிய மாதிரி இருந்தது. இரண்டாவது வரைவில், என் குறிப்பைத் திரித்துப் பரப்பியவர்கள் மேல் பழியைப் போட்டேன். மூன்றாவதில் என் நோக்கம் நல்லது என்றேன். நோக்கத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மூன்று நாட்கள் இப்படிப் போயின. நாலாவது நாள், "ஆம், நான்தான். மன்னிக்க வேண்டும்" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு அவருடைய பக்கத்தைத் திறந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. பூவின் பெயர் மட்டும் மேலே இருந்தது.

பிறகு நினைவூட்டுகள். ஒரு வாரம் விட்டு முதலாவது. இன்னொரு வாரம் விட்டு இரண்டாவது. என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல இப்படி விடாம எழுதியிருந்தா இந்த ஜில்லாவே உருப்பட்டிருக்கும்" என்றாள். தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். எழுதுபவர்களின் விவரத்தை வெளியிடுவதில்லை என்று பதில் வந்தது. சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் இரண்டு விதிகளை மேற்கோள் காட்டி.

ஆடி மாதம் ஒரு முற்பகலில், நாங்கள் காபிக் கடையில் இருக்கும்போது அண்ணாச்சியின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காட்டில், உரிமம் இல்லாத தகர ஷெட்டில் வெடித்துவிட்டது. பெண்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை.

"யாரு ஷெட்டு?" என்று பாய் கேட்டார்.

"யாரோ வாடகைக்கு எடுத்துப் போட்டது. சீசன் ஆர்டர் நெருக்குதுல்ல." அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சீல் வச்ச கம்பெனி ஆளுகதான் பாதிப் பேராம். வேலை இல்லன்னதும் அங்கன போயிருக்காக."

காபி எனக்கு முன்னால் இருந்தது. அன்று அந்த ஷெட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று என் மனம் எண்ண ஆரம்பித்தது. அதை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலை, அடிபட்டவர்களைக் கொண்டுவந்திருந்த அரசு மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் கூட்டம். விசாரணை மேசையில் ஒரு பதிவேடு, ஒரு பெண் எழுத்தர். என் முறை வந்ததும் தலை நிமிராமல் கேட்டார், பேஷண்ட் பேர் என்ன என்று.

"தெரியாது."

நிமிர்ந்தார். "ஊரு?"

ஆனைக்குட்டம் பக்கம் இருக்கலாம் என்றேன்.

"உங்களுக்கு என்ன உறவு?"

நான் அவர் எழுதுவதைப் படிக்கிறவன் என்று சொன்னேன். அந்த எழுத்தருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். பெயர், வயது, ஊர், உடன் வந்தவர், உறவு முறை. ஆறு பேர் பெயர்கள் வரிசையாக இருந்தன. மூன்றின் நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. ஆறில் எது அந்தப் பூ என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாகவும் இருக்கலாம். எதுவாகவும் இல்லாமலும் இருக்கலாம்.

"உறவு இல்லாம உள்ள விட முடியாது சார். தப்பா நினைக்காதீங்க, ரூல்ஸ்."

தப்பாக நினைக்கவில்லை என்றேன். நான் எத்தனை பேரை இதே குரலில் திருப்பி அனுப்பியிருப்பேன். வெளியே வந்து, அங்கே இருந்த ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நகக் கண்ணில் வெள்ளிப் பொடி இருக்கிறதா என்று. ஒரு கிழவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். வந்துவிட்டேன்.

பாய் சும்மா இருக்கவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, "வாங்க சார், நேர்ல போயிப் பாத்துருவோம்" என்றார். பஸ் மாறி ஆனைக்குட்டம் போனோம். கம்பெனி வேன் நிற்கும் இடத்தை விசாரித்தோம். மதகு தெரிந்தது. அந்தப் பெண் எழுதியிருந்தபடியே, வளைவில் சட்டென்று. வேனில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளும் இடம் இதுதான் என்று பாயிடம் காட்டினேன்.

ஒரு பெட்டிக் கடை ஓரம் நாலைந்து பெண்கள் நின்றார்கள். என் சட்டைப் பையில் பேனா, கையில் தோல்பை. பேச்சு நின்றது. அவர்களில் மூத்தவர் கேட்டார்.

"ஆபீசரா?"

"இல்லம்மா. ரிட்டயர்டு."

"அப்ப எதுக்கு வந்திருக்கீக? இருந்த வேலையப் புடுங்குனது பத்தலையா?"

பாய் மெதுவாகச் சொன்னார், நாங்கள் அதிகாரிகள் இல்லை, போனில் கட்டுரை எழுதும் ஒரு பெண்ணைத் தேடி வந்திருக்கிறோம், நலமா என்று தெரிந்தால் போதும் என்று. அந்த மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குறிப்பு எழுதியவன் முகத்தில் அது எழுதியிருக்கும் போல.

"அவ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. உங்களுக்கு இன்னும் என்ன ஆகணும்?"

எனக்கு ஒன்றும் ஆக வேண்டாம், அவரிடம் இதைக் கொடுத்தால் போதும் என்று ஒரு துண்டுத் தாளில் என் போன் எண்ணை எழுதி நீட்டினேன். யாரும் கை நீட்டவில்லை. பெட்டிக் கடைப் பலகையில், மிட்டாய் பாட்டிலுக்கு அடியில் அதை வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பாய் சொன்னார், "செத்துருந்தா சொல்லியிருப்பாக சார். மறைக்கிறாகன்னா இருக்குன்னு அர்த்தம்." ஆறுதலுக்குச் சொன்னார். நான் அதைப் பற்றிக்கொண்டேன், இரண்டு நாள். மூன்றாம் நாள் அதற்கு எதிர்வாதம் எனக்கே கிடைத்துவிட்டது. என் மேல் உள்ள கோபத்தில் சாவைக்கூடச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதற்குப் பின் நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. குழுவில் இரண்டு பேர் குறிப்பு எங்கே என்று கேட்டார்கள், வெளியேறினேன். ஆனாலும் பதினோரு மணிக்குப் போவேன். மூன்று பேரும் ஒன்றும் படிக்காமல் குடிப்போம். மஸ்கட் நர்ஸ் புதிதாக எழுதியிருந்தார். தலைப்பைப் பார்த்துவிட்டு மூடினேன். ஒருவருடைய எழுத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதே எனக்குப் பயமாக இருந்தது. எதில் எந்த எண் இருக்கும், யார் அதை எண்ணுவார்கள்.

புரட்டாசியில் அந்த ஆலை திறந்தது. அண்ணாச்சி சொன்னார். இப்போது அறைக்கு நாலு பேர், கறாராக. வாசலில் பலகையே எழுதி வைத்திருக்கிறார்களாம். மீதிப் பேருக்கு வேலை இல்லை. விதி முழுமையாக அமலாகிவிட்டது. நான் சேவையில் இருந்தபோது இவ்வளவு முழுமையாக எதையும் அமல்படுத்தியதில்லை. இதைக் கேட்டு மகிழ வேண்டும் என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது. ஏனென்றால் ஆறு பேர் இருந்த அறை உண்மையிலேயே ஆபத்தானது. அதில் நான் சொன்னது தப்பில்லை. ஒன்றும் தப்பில்லாமல் ஒருவன் இவ்வளவு கேட்டைச் செய்ய முடியும் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் பத்தி இல்லை.

நினைவூட்டுகள் ஒன்பது ஆயின. கடைசி மூன்றில் விஷயம் என்று எதுவும் இல்லை. நலமா, நலமா, நலமா. பத்தாவதை எழுதவில்லை. ஒரு கோப்பை மூடுவதற்கும் ஒரு குறிப்பு வேண்டும். 'மேல் நடவடிக்கை ஏதுமில்லை' என்று. அதை எழுத என் கை வரவில்லை. இவர் இறந்துவிட்டார் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுவது போல் இருந்தது.

பாய்தான் ஒரு காரியம் செய்தார். ஒரு நாள் தன் போனை என் முன் வைத்தார். கண்புரை அறுவை செய்துகொண்டபின் படிப்பதற்காக, அந்தப் பெண்ணின் சில கட்டுரைகளை மகளிடம் சொல்லிப் படம் பிடித்து வைத்திருந்தாராம். வெள்ளிக் கையும் குழந்தையும் வரும் கட்டுரை அதில் இருந்தது. "நீங்க படிங்க சார், நான் கேக்குறேன்" என்றார். நான் படித்தேன். பாதியில் போனை மேசையில் வைத்தேன். அண்ணாச்சி அதை எடுத்தார். லேபிள் எழுத்தைவிடச் சின்ன எழுத்து. கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி, மீதியை அவர் படித்தார்.

தீபாவளி நெருங்கிவிட்டது. பஜாரில் பட்டாசுக் கடைகளுக்குப் பந்தல் போட ஆரம்பித்தார்கள். நான் காபிக் கடைக்குப் போகச் சுற்று வழியில் நடந்தேன்.

பிறகு பதில் வந்தது. தளத்தின் தனிச் செய்தியில். வரிகள் உடைந்து உடைந்து இருந்தன.

"ஐயா, நான் இருக்கேன். அந்த ஷெட்டுல தான் இருந்தேன். வலது கை இன்னும் மடக்க வரல. இத என் மக அடிக்கிறா. நீங்க அனுப்பினது எல்லாம் படிச்சேன். மன்னிப்புக்குப் பதில் எனக்குச் சொல்லத் தெரியல, இப்ப கேக்காதீங்க. அந்த அறைல மாமியார் கதை சொன்ன அக்கா செத்துட்டாங்க. ரெண்டு பிள்ளைங்க. உரிமம் இல்லாத எடம், அதனால எதுவும் கிடைக்காதுன்னு சொல்றாங்க. யாருக்கு என்ன மனு எழுதணும், எந்தத் தாள் முதல்ல வாங்கணும்னு உங்களுக்குத் தெரியும். எழுதி அனுப்புங்க."

நான் அப்போதே, வரைவு இல்லாமல், தாள்களின் வரிசையை எழுத ஆரம்பித்தேன். முதல் தாள் இறப்புச் சான்றிதழ். மேலே, நடைமுறைப்படி, பதில் பெறப்பட்ட நாளைக் குறித்துக்கொண்டேன்: அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை.